ஷிஃப்ட் மாறும்போது சொன்ன சொல் தொலையாமல் இருக்க: வேலையிடத்தில் இடக்குறிப்பு வைப்பது எப்படி?

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை என்ற ஊரில் ஒரு சரக்குக் கிடங்கின் மாலை ஷிஃப்டைக் கவனித்துக்கொள்கிறேன். பிற்பகல் 3 மணிக்கு உள்ளே போனால் இரவு 11 மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் வீட்டுக்கு. காலை ஷிஃப்ட் 7 மணிக்குத் தொடங்கும். நான் பார்த்ததைச் சொல்லவேண்டிய ஆள் வேலைக்கு வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அவர் பார்த்ததை என்னிடம் சொல்ல, 3 மணிக்கு ஐந்தோ பத்தோ நிமிடம் கிடைக்கும்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்திய மழையில் ஓர் இரவு, 3-ஆம் வாசலில் லோரிக்கும் தரைக்கும் நடுவே பாலம்போல் இறக்குகிற இரும்புத் தட்டு, இறக்கிய பிறகும் மெல்லத் தாழ்ந்துகொண்டே இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டுவிட்டுக் கிளம்பினேன். அதற்குமேல் ஒருவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து, இருவர் லீவு கேட்டது, லோரி நம்பர் படங்கள் என்று ஐம்பது அறுபது செய்தி சேர்ந்துவிட்டது. காலையில் வந்த தம்பி எதையும் மேலே தள்ளிப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தட்டில் கால் வைத்தார், கணுக்கால் பிசகியது, இரண்டு வாரம் எம்சி (மருத்துவ விடுப்பு).

அந்தச் செய்தி 3-ஆம் வாசலிலேயே இருந்திருக்கவேண்டும். அதை எப்படிச் செய்வது என்று தேடி, நான்கு மாதம் தவறு செய்து செய்து, இப்போது ஓரளவு ஓடுகிற ஒரு முறைக்கு வந்திருக்கிறோம். இடத்துக்கு ஒரு ஸ்டிக்கர்; அதைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்தால் அந்த இடத்தைப் பற்றிச் சக வேலைக்காரர்கள் விட்டுப்போன குறிப்புகள் வரும்; அங்கேயே நின்று நீங்களும் ஒன்று எழுதலாம். நிரல் எழுதத் தெரியவேண்டியதில்லை. கிடங்கு, பட்டறை, உணவுக்கடைச் சமையற்கட்டு, கிளினிக், சின்னத் தொழிற்சாலை என்று 10 முதல் 100 பேர் வேலைசெய்கிற எந்த இடத்துக்கும் இது பொருந்தும்.

1. கணினியைத் திறக்காதீர்கள், முதலில் நடந்து பாருங்கள்

ஒரு வாரம் நோட்டும் பேனாவுமாக நடங்கள். ஆட்கள் எங்கே நின்று ஒருவருக்கொருவர் எதையாவது சொல்கிறார்கள் என்று பாருங்கள். “இந்த ஷட்டர் மழை நாளில் சிக்கும் அண்ணே, கீழே உதைச்சாத்தான் ஏறும்” என்று சொல்லப்படுகிற இடம் ஓர் இடக்குறிப்புக்கான இடம். அட்டைப்பெட்டியைக் கிழித்து மார்க்கரால் எழுதி டேப்பால் ஒட்டியிருக்கிறார்களா? அது இன்னும் நல்ல அடையாளம். அங்கே தேவை ஏற்கனவே இருக்கிறது.

எங்கள் சுவரில் தீயணைப்புக்காக மாட்டியிருக்கிற வரைபடத்தைப் படமெடுத்து அச்சடித்து, அதில் புள்ளி வைத்துக்கொண்டேன். தனியாக வரைபடம் போடத் தேவையில்லை.

முதல் வாரத்தில் 40 இடம் குறித்தேன். அது பேராசை. 6 இடத்தில் தொடங்குங்கள். பிறகு நாங்கள் போனது 22 வரை. ஒவ்வோர் இடத்துக்கும் ஆட்கள் வாயில் ஏற்கனவே என்ன பெயர் இருக்கிறதோ அதையே வையுங்கள். அலுவலகப் பட்டியலில் ‘மண்டலம் பி2’ என்று இருக்கலாம். எல்லோரும் ‘மீன்காரன் மூலை’ என்று சொன்னால் ஸ்டிக்கரிலும் மீன்காரன் மூலைதான்.

ஒவ்வொரு புள்ளியிலும் நின்று, கம்பெனி வைஃபை இல்லாமல் கைப்பேசித் தரவில் ஒரு பக்கம் திறக்கிறதா என்று சோதியுங்கள். உயரமான ரேக்குகளுக்கு நடுவே, குளிர் அறைக்குள்ளே எல்லாம் சிக்னல் செத்துப்போகும். அப்படிப்பட்ட இடத்துக்கான ஸ்டிக்கரைக் கதவுக்கு வெளியே வையுங்கள்.

2. ஜிபிஎஸ்ஸா, என்எஃப்சியா, கியூஆரா?

என் ஒரு மாதம் இங்கேதான் போனது. உங்களுக்கு அது வேண்டாம்.

‘இடம் சார்ந்த குறிப்பு’ என்று தேடினால் முதலில் வருவது ஜிபிஎஸ் வழி: நீங்கள் ஓர் இடத்துக்குப் போனதும் கைப்பேசியே குறிப்பைக் காட்டும் செயலிகள். வீட்டுக்குப் போகும் வழியில் மளிகை வாங்க நினைவூட்ட அது சரி. கட்டடத்துக்குள் சரிவராது. திறந்த வானத்தின் கீழ் நல்ல கைப்பேசியின் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் பிசகும். துத்தநாகக் கூரைக்குக் கீழே அதைவிட மோசம். இப்படிப்பட்ட செயலிகள் ஓர் இடத்தைச் சுற்றி வட்டம் போட்டுத்தான் வேலை செய்கின்றன. அந்த வட்டத்தின் ஆரம் குறைந்தது 100 மீட்டராவது இருக்கட்டும் என்பது ஆண்ட்ராய்டு தயாரிப்பாளர்களின் சொந்த அறிவுரை. எங்கள் கிடங்கின் நீளமே 90 மீட்டர். மொத்தக் கட்டடமும் ஒரே வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது! மேல்மாடியும் கீழ்த்தளமும் வரைபடத்தில் ஒரே புள்ளி. அப்புறம், தங்கள் நடமாட்டத்தைக் கம்பெனி பார்க்கிறது என்று ஆட்கள் நினைத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்தது.

என்எஃப்சி வில்லைகள் அழகாக இருக்கும். கைப்பேசியை அருகில் கொண்டுபோனால் போதும், பக்கம் திறந்துவிடும். வாங்குமுன் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, சாதாரண வில்லையை இரும்பில் ஒட்டினால் வேலை செய்யாது. ரேக், கதவு, இயந்திரம் எல்லாம் இரும்பு. நடுவே ஃபெரைட் படலம் வைத்த, உலோகத்துக்கென்றே செய்த வில்லை வேண்டும், விலை கூடுதல். நான் முதலில் வாங்கிய பத்தும் வீண். இரண்டு, மலிவுவிலை ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் என்எஃப்சி கிடையாது. எங்கள் நேப்பாளத் தம்பிகள் வைத்திருப்பது பெரும்பாலும் அந்த வகைதான். ஐஃபோனிலும் 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் தொடங்கித்தான் தானாகவே படிக்கும். பாதிப் பேரால் படிக்கமுடியாத குறிப்புப் பலகை எதற்கு?

ஆகவே கியூஆர். எந்தக் கேமராவும் படிக்கும், காகிதத்தில் அச்சடிக்கலாம், கிழிந்தால் அடுத்த நாளே மாற்றலாம். யாருக்கும் கற்றுக்கொடுக்கவும் வேண்டியதில்லை. கோவிட் காலத்து மைசெஜாத்ரா செயலி நாட்களில் கதவுக்குக் கதவு ஸ்கேன் செய்து பழகிய கைகள்தானே.

கவனம்: கியூஆர் உருவாக்கும்போது ‘நிலையானது’, ‘மாற்றக்கூடியது’ என்று இரண்டு வகை காட்டுவார்கள். மாற்றக்கூடிய வகையில் உங்கள் பக்கத்தின் இணைய முகவரி அந்தச் சேவைக்காரரின் கணினி வழியாகத்தான் போகும். இலவசச் சோதனைக் காலம் முடிந்ததும் அவர்கள் அதை நிறுத்திவிடலாம். நான் ஒரு சேவையில் அப்படித்தான் செய்து, ஒட்டி முடித்த மூன்றாம் வாரத்தில் எல்லா ஸ்டிக்கரும் ‘பணம் கட்டுங்கள்’ என்ற பக்கத்துக்குப் போயின. அத்தனையையும் சுரண்டி எடுத்து மறுபடி ஒட்டினோம். நிலையான வகையையே எடுங்கள், அது இலவசம், காலாவதி ஆகாது. பின்னால் முகவரி மாற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றினால், கம்பெனி இணையதளத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லி, இடத்துக்கு ஒரு சின்ன முகவரியை அந்தத் தளத்திலேயே வாங்கி அதை அச்சடியுங்கள்.

3. கையில் வைத்திருக்கவேண்டிய தாள்கள்

மேனேஜரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரே ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை இடம், எவ்வளவு செலவு, எத்தனை வாரச் சோதனை, எதற்கு இது பயன்படாது. கடைசிதான் முக்கியம். “விபத்துப் புகார், பழுது புகார், வருகைப் பதிவு இவற்றுக்குப் பதிலாக இது வராது” என்று நான் எழுதியதைப் பார்த்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

கட்டடம் வாடகை என்றால் சுவரிலும் கதவிலும் ஒட்ட உரிமையாளரிடம் ஒரு மின்னஞ்சலாவது வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு இதற்கு 9 நாள் ஆனது. ஆகவே இதை முதலில் அனுப்பிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் பேசுங்கள். 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்குச் செய்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 5 பேர் அல்லது அதற்குமேல் வேலைசெய்கிற இடத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருக்கவேண்டும். 40 பேர் ஆகிவிட்டால் பாதுகாப்புக் குழு வேண்டும். அவர்களுக்குத் தெரியாமல் பாதுகாப்பு விஷயம் ஓடுகிற ஒரு பலகையை நீங்கள் தொடங்கினால், முதல் சம்பவத்திலேயே அது உங்களுக்கு எதிராகத் திரும்பும்.

அடுத்தது தனிநபர் தரவு அறிவிப்பு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 கேட்பது, என்ன தரவு எடுக்கிறோம், எதற்கு என்ற எழுத்து அறிவிப்பு. அதைத் தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கொடுக்கவேண்டும். தமிழில் மட்டும் எழுதி ஒட்டினால் போதாது. நாங்கள் மலாய், ஆங்கிலம் இரண்டிலும் எழுதி, படிக்க எளிதாக இருக்கட்டும் என்று தமிழ், நேப்பாளி, வங்காளி மூன்றையும் கீழே சேர்த்தோம். பெயர், கைப்பேசி எண், மின்னஞ்சல் எதையும் படிவத்தில் கேட்காதீர்கள். கேட்காத தரவு கசியவும் கசியாது.

கடைசியாகக் கூகுள் கணக்கு. இதற்கென்று தனியாக ஒன்று திறங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் செய்தால், நீங்கள் வேலை மாறிப் போகும் அன்று எல்லாம் உங்களோடு போய்விடும். கடவுச்சொல்லும் மீட்பு எண்ணும் ஷிஃப்டுக்கு ஒருவராக இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

4. படிவமும் பக்கமும்: ஒரு சாயங்கால வேலை

கூகுள் படிவம் ஒன்று, அதன் பதில்கள் சேரும் விரிதாள் ஒன்று, காட்டுவதற்கென்று இன்னொரு விரிதாள். மூன்றும் இலவசம்.

படிவத்தில் மூன்று கேள்வி போதும். இடம் எது (பட்டியலிலிருந்து தேர்வு), என்ன சொல்லவேண்டும் (எழுத ஒரு பெட்டி), எத்தனை நாளைக்கு இது தேவை (இன்று மட்டும், ஒரு வாரம், இரண்டு வாரம்). நான்காவது கேள்வி வைத்த வாரத்தில் எழுதுகிறவர்கள் குறைந்தார்கள், எடுத்துவிட்டோம்.

படிவத்தின் மூன்று புள்ளி மெனுவில் ‘முன்நிரப்பிய இணைப்பு’ என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து, இடம் என்ற கேள்விக்கு ‘3-ஆம் வாசல்’ என்று தேர்ந்தெடுத்து, கிடைக்கும் இணைப்பை நகலெடுங்கள். அந்த இணைப்பில் வருகிறவருக்கு இடம் ஏற்கனவே நிரம்பியிருக்கும். அவர் சொல்லவந்ததை மட்டும் எழுதுவார். ஒவ்வோர் இடத்துக்கும் இதுபோல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பட்டியலில் அந்த இடத்தின் பெயரை ஓர் எழுத்து மாற்றினாலும் பழைய இணைப்பு நிரப்பாது. ஆகவே பெயர்களை முதலில் முடிவு செய்துவிட்டு இங்கே வாருங்கள்.

படிவத்தில் மூன்று பொறி உண்டு. ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்பதை இயக்கினால் கூகுளில் உள்நுழையச் சொல்லும். படம் பதிவேற்றும் கேள்வி வைத்தாலும் உள்நுழையச் சொல்லும். அலுவலகக் கூகுள் கணக்கில் படிவம் செய்தால், கம்பெனி ஆட்களுக்கு மட்டும் என்ற பூட்டு தானாகவே போட்டிருக்கலாம். மூன்றில் எது இருந்தாலும், சொந்த மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மறந்துபோன அக்கா அங்கேயே திரும்பிவிடுவார். படம் வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் போடச் சொல்லுங்கள். குறிப்பில் “படம் குழுவில்” என்று எழுதினால் போதும்.

இனி காட்டும் பக்கம். இரண்டாவது விரிதாளில் இடத்துக்கு ஒரு தாள் திறங்கள். பதில்கள் சேரும் கோப்பிலிருந்து ‘இம்போர்ட்ரேஞ்ச்’ சூத்திரத்தால் குறிப்புகளை இழுத்து, ‘ஃபில்டர்’ சூத்திரத்தால் இரண்டு நிபந்தனை வையுங்கள்: இடம் இதுவாக இருக்கவேண்டும், எழுதியவர் கொடுத்த நாள் இன்னும் முடிந்திருக்கக்கூடாது. விரிதாள் அமைப்பில் நேரமண்டலம் கோலாலம்பூர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். எங்களுடையது வேறு நாட்டு நேரத்தில் இருந்ததால் இன்றைய குறிப்புகள் நேற்றைய தேதியில் வந்தன. ‘இன்று மட்டும்’ என்று எழுதியவை பாதி வேலையிலேயே மறைந்தன.

பிறகு ‘வலையில் வெளியிடு’ என்பதில் ஒவ்வொரு தாளையும் தனித்தனியாக வெளியிடுங்கள். முழு ஆவணத்தையும் வெளியிட்டுவிடாதீர்கள். அந்தத் தாளின் முகவரிதான் ஸ்டிக்கரில் வருவது. தாளின் முதல் வரியில் “எழுத இங்கே தொடவும்” என்று அந்த இடத்தின் படிவ இணைப்பைப் போடுங்கள். எழுதிய குறிப்பு பக்கத்தில் தெரியச் சில நிமிடம் ஆகும். இதை முன்பே சொல்லிவிடுங்கள்; இல்லாவிட்டால் ஒரே குறிப்பை மூன்று முறை எழுதுவார்கள்.

வெளியிட்ட பக்கத்தை, முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், லோரியோட்டி வந்தவர் உட்பட. அதனால் கதவுப் பூட்டின் ரகசிய எண்கள், அலாரக் குறியீடு, வாடிக்கையாளர் பெயர், சரக்கு மதிப்பு இவை ஒருபோதும் குறிப்பில் வரக்கூடாது. நாங்கள் இதைப் படிவத்தின் தலைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறோம்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. எந்த மொழியிலும் எழுதலாம் என்று சொல்லுங்கள். மலாயில் எழுதச் சொன்ன வாரம் எழுதத் தெரிந்தவர்கள் மட்டும் எழுதினார்கள். கட்டுப்பாட்டை எடுத்த பிறகு வங்காளியில் ஒரு குறிப்பு வந்தது. குரோமில் மொழிபெயர்ப்பைத் தட்டிப் பார்த்தால், 5-ஆம் ரேக்கின் அடித்தாங்கி வளைந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். ஆறு மாதமாக அந்த வழியில் போய்வருகிற எங்களில் யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. தட்டெழுத வராதவர்களுக்கு விசைப்பலகையின் மைக் பொத்தானைக் காட்டிக்கொடுங்கள், பேசினால் எழுத்தாகிவிடும்.

5. அச்சடிப்பதும் ஒட்டுவதும்

லேசர் அச்சில் எடுங்கள். வீட்டு இங்க்ஜெட்டில் எடுத்தது எங்கள் ஈரக்காற்றில் இரண்டே வாரத்தில் கசிந்தது. மேலே போடும் பிளாஸ்டிக் படலம் பளபளப்பில்லாததாக இருக்கட்டும். பளபளப்பில் விளக்கு பட்டால் கேமரா திணறும். அளவுக்கு எளிய கணக்கு, எவ்வளவு தூரத்தில் நின்று படிக்கவேண்டுமோ அதில் பத்தில் ஒரு பங்கு. 50 சென்டிமீட்டர் என்றால் 5 சென்டிமீட்டர். கட்டத்தைச் சுற்றி வெள்ளை ஓரம் விட மறக்காதீர்கள். பிழைதிருத்த அளவில் ‘எச்’ என்பதைத் தேர்ந்தால் 30 விழுக்காடு வரை அழுக்கானாலும் படிக்கும்.

ஒரே ஸ்டிக்கரில் ‘படிக்க’, ‘எழுத’ என்று இரண்டு கியூஆர் போட்டுப் பார்த்தோம். கேமரா தன் இஷ்டத்துக்கு ஒன்றைப் பிடிக்கிறது. ஒன்றுதான் இருக்கவேண்டும். அதன் கீழே இடத்தின் பெயரைப் பெரிதாக எழுதுங்கள். பணம் கட்டும் டியூட்நவ் குறியீடு என்று யாரும் குழம்பாதபடி “குறிப்பு படிக்க, எழுத” என்று ஒரு வரியும், கம்பெனி முத்திரையும் இருக்கட்டும். நம் ஸ்டிக்கர்மேல் வேறு யாரும் வேறொன்றை ஒட்டிவிடவில்லையா என்று மாதம் ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள்.

எங்கே ஒட்டக்கூடாது என்பதை நான் ஒவ்வொன்றாகப் பட்டு அறிந்தேன். ஏறி இறங்கும் ஷட்டரில் ஒட்டாதீர்கள். பகல் முழுக்க அது மேலே சுருண்டுகிடக்கும், ஸ்டிக்கரும் அதோடு போய்விடும். பக்கத்துத் தூணில் மார்பு உயரத்தில் ஒட்டுங்கள். குளிர் அறைக் கதவில் வியர்த்துப் பசை விடும். லேமினேட் செய்த அட்டையைக் கைப்பிடியில் கேபிள் டையால் கட்டுங்கள். ஃபோர்க்லிஃப்ட் போகிற பாதையில், நின்று படிக்க இடமில்லாத வளைவில், வேண்டவே வேண்டாம். வண்டியில் உட்கார்ந்தபடி ஸ்கேன் செய்யக்கூடாது என்று முதல் நாளே சொல்லி, அதில் உறுதியாக இருங்கள்.

கைப்பேசிக்குத் தடை உள்ள பகுதி இருந்தால் அந்தத் தடையைத் தளர்த்தச் சொல்லிக் கேட்காதீர்கள். உணவு பொட்டலமிடும் எங்கள் சின்ன அறையில் கைப்பேசி கூடாது. அதற்கான ஸ்டிக்கர், கைகழுவும் இடத்துக்கு முன்னால் பெட்டியில் கைப்பேசியைப் போடுகிற இடத்தில் இருக்கிறது.

6. காலிப் பலகையை யாரும் தொடமாட்டார்கள்

தொடங்குகிற அன்று ஒவ்வோர் இடத்திலும் இரண்டு குறிப்பாவது இருக்கவேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் எல்லோருக்கும் பிடித்த இரண்டு மூன்று பேரைக் கேட்டு எழுதவையுங்கள். நான் ஒரு காலை அவர்களை மாமாக் கடைக்குக் கூட்டிப்போய் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் வாங்கிக்கொடுத்து, பசியாறிக்கொண்டே எழுதச் சொன்னேன். கூடவே எப்படி எழுதுவது என்றும் பேசிக்கொண்டோம்.

‘ஷட்டர் சரியில்லை’ என்பது குறிப்பல்ல. “ஷட்டர் பாதியில் நிற்கிறது. சங்கிலியை இடப்பக்கம் இழுத்தால் ஏறும். ஆள் வியாழன் வருகிறார்” என்பது குறிப்பு. பார்த்தது என்ன, இப்போதைக்கு என்ன செய்யலாம், அடுத்து என்ன நடக்கும். இந்த மூன்றும் இருந்தால் காலையில் வருகிற தம்பி யாருக்கும் போன் செய்யவேண்டியதில்லை.

இடத்தோடு ஒட்டாத பேச்சும் வரும். கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஈ-கிராஃபிட்டி என்ற இடக்குறிப்பு முறையைக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2002-இல் வந்தது. அவர்களும் அதை மின்னஞ்சல்போல, அரட்டைபோலத்தான் அதிகம் பயன்படுத்தினார்களாம். எங்களிடமும் ‘மீன்காரன் மூலை’யில் ஒருநாள் பந்தாட்ட முடிவு எழுதியிருந்தது. அழிக்காதீர்கள். பேச்சு இருக்கிற இடத்துக்குத்தான் ஆட்கள் திரும்ப வருவார்கள். தேநீர் அறைக்கென்று ஒரு ஸ்டிக்கர் வைத்தோம், அரட்டை மெதுவாக அங்கே நகர்ந்துவிட்டது.

ஆபத்து என்றால் எழுதுவது இரண்டாவது வேலை. இயந்திரத்தை நிறுத்து, கூம்பு வைத்து வழியை அடை, பொறுப்பானவருக்குப் போன் செய், அப்புறம் எழுது. அன்றிரவு நான் செய்யத் தவறியது இதைத்தான். இரண்டு கூம்பு வைத்திருந்தால் வாட்ஸ்அப்பை யாரும் படிக்காவிட்டாலும் அந்தத் தம்பியின் கால் பிழைத்திருக்கும்.

7. ‘யார் எழுதியது?’ என்ற கேள்வி

எல்லாம் சரியாகச் செய்தாலும் இந்த ஒரு கேள்வி போதும், முறை நின்றுபோகும். இரண்டாம் மாதத்தில் ஒரு குறிப்பைப் பார்த்துவிட்டு மேலேயிருந்து ஒருவர், “இதை யார் எழுதியது என்று கண்டுபிடி” என்றார். கேட்டது கோபத்தில்கூட இல்லை. ஆனால் அது எப்படியோ கிடங்கு முழுக்கப் பரவி, அடுத்த 9 நாள் ஒரு குறிப்புகூட வரவில்லை. நான் ஒவ்வொருவராகப் போய்ப் பேசவேண்டியிருந்தது.

அதனால் தொடங்கும் முன்பே மேனேஜரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: குறிப்புகளை வைத்து யாரையும் கேள்வி கேட்பதில்லை, எண்ணிக்கையை வைத்துக் கேபிஐ (வேலைத்திறன் மதிப்பீடு) போடுவதில்லை. காட்டும் பக்கத்தில் தேதி மட்டும் வரட்டும், மணி வேண்டாம். இரவு 10.40-க்கு உள்ளே இருந்தது மூன்று பேர்தான் என்றால், மணியைக் காட்டுவதும் பெயரைக் காட்டுவதும் ஒன்றுதான். மூலக் கோப்பைப் பார்க்கக்கூடியவர்கள் கணக்கு வைத்திருக்கிற இரண்டு பேர் மட்டும்.

அதற்கு ஈடாக ஆட்களிடமும் ஒன்று கேளுங்கள்: குறிப்பில் ஒருவர் பெயரைச் சொல்லித் திட்டுவதில்லை. அப்படி வந்த இரண்டு குறிப்பை நான் எடுத்தேன். எடுத்ததை அந்த இடத்திலேயே “ஒரு குறிப்பு எடுக்கப்பட்டது, பெயர் வந்ததால்” என்று எழுதியும் வைத்தேன். சத்தமில்லாமல் எடுத்தால் வேறு எதையோ மறைக்கிறோம் என்று நினைப்பார்கள்.

8. பழைய குறிப்பு பொய்க் குறிப்பு

சரிசெய்தாகிவிட்ட ஷட்டரைப் பற்றி இன்னும் எச்சரிக்கும் பக்கத்தை இரண்டு முறை பார்த்தவர் மூன்றாம் முறை ஸ்கேன் செய்யமாட்டார். இரண்டு வாரத்துக்குமேல் எதுவும் தானாக நிற்கக்கூடாது. இன்னும் தேவையென்றால் மறுபடி எழுதட்டும். எப்போதும் தேவைப்படுகிற விஷயம் என்றால் அது குறிப்பில்லை, நிரந்தரப் பலகை. அதை அச்சடித்துச் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். ஒரே குறிப்பு மூன்று முறை வந்தால் அது பழுது புகாராகப் போகவேண்டிய விஷயம். பழுதுபார்ப்பவரிடம் நான் வாரம் ஒருமுறை திங்கட்கிழமை கொடுத்துவிடுகிறேன்.

செலவும் நாட்களும்

22 இடத்துக்கு நான் கொடுத்தது: ஸ்டிக்கர் அச்சு, உதிரி ஒரு செட்டோடு சேர்த்து 32 ரிங்கிட், லேமினேட் அட்டைகள் 15, கேபிள் டை 6, பசியாறியது 45, என்எஃப்சி வில்லைகளில் தொலைத்தது 38. மொத்தம் 136 ரிங்கிட். என்எஃப்சியைத் தொடாமல் இருந்தால் உங்களுக்கு 98-இல் முடியும். மாதச் செலவு எதுவும் இல்லை.

நாட்கள்: நடந்து பார்க்க ஒரு வாரம், அனுமதிகளுக்கு இரண்டு வாரம், படிவத்துக்கு ஒரு சாயங்காலம், ஒட்ட ஒரு காலை, 6 இடத்தில் சோதனை மூன்று வாரம். கைவிடலாமா என்ற யோசனையை அந்த மூன்று வாரத்துக்குள் எடுக்காதீர்கள். எங்களுக்கு இரண்டாம் வாரம் முடியும்வரை தினம் ஒன்றிரண்டு குறிப்புதான் வந்தது. நோன்புப் பெருநாள், தீபாவளி, சீனப் புத்தாண்டு ஒட்டிய லீவு வாரங்களிலும், ஆண்டு ஸ்டாக் எடுக்கும் மாதத்திலும் தொடங்கவேண்டாம்; பாதி ஆட்கள் இருக்கமாட்டார்கள், இருப்பவர்களுக்கு நேரம் இருக்காது.

மூன்றாம் மாத முடிவில் எந்த இடத்துக்குக் குறிப்பே வரவில்லை என்று விரிதாளில் எண்ணிப் பார்த்து, அந்த ஸ்டிக்கர்களை எடுத்துவிடுங்கள். நாங்கள் 22-இல் 9 எடுத்தோம். எடுக்கும்போது ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடு காட்டினால் பசை சுவரில் தங்காது. மீதி 13-க்கும் உதிரி ஸ்டிக்கர்கள் அலுவலக மேசையின் இரண்டாம் இழுப்பறையில், இடப் பெயர் எழுதிய உறையில் இருக்கின்றன. 3-ஆம் வாசலுக்கு மட்டும் நான்கு உதிரி வைத்திருக்கிறேன். லோரிக்காரர்கள் சாய்கிற தூண் அது, சீக்கிரம் தேய்கிறது.